யாரும் ஏற்காத ரெஜிமென்ட்: நியூயார்க் 15-ஆவது காலாட்படை, 1916–1919

1916 கோடையில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், 132-ஆவது தெருவும் ஏழாவது அவென்யூவும் கூடும் முனையில், ஒரு சுருட்டுக்கடை படைக்கு ஆள் சேர்க்கும் இடமாக மாறியது. மேல்மாடி நடன மண்டபத்தில் கறுப்பின ஆட்கள் வரிசை கட்டி நின்றார்கள். ஹோட்டல் வாசலில் கதவு திறந்துவிடுபவர்கள், ரயில் நிலையத்தில் பெட்டி தூக்குபவர்கள், லிஃப்ட் இயக்குபவர்கள், சமையல்காரர்கள். பகலெல்லாம் பிழைப்பைப் பார்த்துவிட்டுப் பயிற்சிக்கு வந்தார்கள். துப்பாக்கி கிடைக்கவில்லை. துடைப்பக் கட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இடம், வலம் திரும்பப் பழகினார்கள். மண்டபம் போதாதபோது தெருவே பயிற்சி மைதானம் ஆனது.

1919 பிப்ரவரி 17 அன்று இதே ரெஜிமென்ட் ஏறத்தாழ 3,000 பேராக ஐந்தாம் அவென்யூவில் அணிவகுத்து வந்தது. அதன் கொடியில் பிரான்ஸ் அரசின் குவா-த-கேர் விருது இருந்தது. முதல் உலகப் போரில் வேறெந்த அமெரிக்க ரெஜிமென்ட்டும் காணாத அளவுக்கு, 191 நாட்கள் போர்முனையில் இருந்தவர்கள் என்று பேசப்பட்டார்கள். பின்னாளில் ‘ஹார்லெம் ஹெல்ஃபைட்டர்ஸ்’ என்ற பெயரில் உலகம் அறிந்துகொண்ட படை இதுதான்.

இடைப்பட்ட காலத்தில் இவர்கள் காட்டிய வீரத்தைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இந்தப் படையின் கதையை வரிசையாகப் படித்துக்கொண்டு போகும்போது வேறொரு கேள்வி விடாமல் துரத்துகிறது. ஒரு மாநிலம் சட்டப்படி உருவாக்கிய ரெஜிமென்ட் எப்படிப் போர் முழுவதையும் இன்னொரு நாட்டு ராணுவத்தின் கீழ் நடத்தியது? ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் ‘இங்கே வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறார். அந்த மறுப்புகளே படிப்படியாக இவர்களைப் போர்முனைக்கு நகர்த்திக்கொண்டு போயின. இந்த ஆய்வு அந்தத் தடத்தைப் பின்பற்றுகிறது.

மாநிலப் படை என்பது

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் சொந்தமாகக் குடிப்படை உண்டு. சாதாரண நாளில் அதன் தலைவர் ஆளுநர். கர்னலை நியமிப்பது, ஆயுதக் கூடம் கட்டித்தருவது எல்லாம் மாநிலத்தின் பொறுப்பு. போர் வந்தால் குடியரசுத் தலைவர் அந்தப் படையை மத்திய அரசுப் பணிக்கு அழைத்துக்கொள்வார். வீரர்கள் பகுதிநேரச் சிப்பாய்கள். ஒரே பேட்டைக்காரர்கள், ஒரே சமூகத்தார், பல நேரம் ஒரே தொழிற்கூடத்து ஆட்கள். ஊர்ப்பாசம்தான் அதன் முதுகெலும்பு.

1792-இல் குடிப்படைக்காக நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், வெள்ளையராகப் பிறந்த, உடல் தகுதியுள்ள, அடிமையல்லாத ஆண் குடிமகனையே படைக்கு உரியவன் என்றது. ‘வெள்ளையர்’ என்ற சொல் உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1867-இல்தான் நீக்கப்பட்டது. சொல் போனாலும் வழக்கம் போகவில்லை. இல்லினாய் மாநிலத்துக்கு 8-ஆவது ரெஜிமென்ட் என்ற கறுப்பினப் படை இருந்தது, அதன் அதிகாரிகளும் கறுப்பினத்தவர்களே. ஆனால் கறுப்பின மக்கள் திரண்டு வாழ்ந்த நியூயார்க்கில் அப்படி ஒன்று இல்லை. ஹார்லெம் மக்கள் பல ஆண்டுகள் கேட்டார்கள், மனுக் கொடுத்தார்கள், தாங்களாகவே ஆட்களைத் திரட்டியும் காட்டினார்கள். 1913-இல் ஆளுநர் வில்லியம் சல்சர் காலத்தில் சட்டம் வந்தது. வந்த சட்டம் மூன்று ஆண்டு ஏட்டிலேயே கிடந்தது. பின்னர் வந்த ஆளுநர் சார்லஸ் விட்மன் 1916 ஜூனில் அதற்கு உயிர் கொடுத்தார். 15-ஆவது நியூயார்க் காலாட்படை பிறந்தது.

கர்னலாக நியமிக்கப்பட்டவர் வில்லியம் ஹேவர்ட். வெள்ளையர், வழக்கறிஞர், ஆளுநருக்காகத் தேர்தல் வேலை பார்த்தவர், முன்பு நெப்ராஸ்கா மாநிலப் படையில் இருந்தவர். இது அரசியல் நியமனம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஹார்லெம் கறுப்பினக் கர்னலை எதிர்பார்த்தது. கிடைத்தது சில கறுப்பின அதிகாரிகள் மட்டுமே; கட்டிடக் கலைஞர் வெர்ட்னர் டேண்டி, வழக்கறிஞர் நெப்போலியன் மார்ஷல் போன்றோர். பெரும்பான்மை அதிகாரிகள் வசதியான வெள்ளைக் குடும்பங்களிலிருந்து வந்தார்கள். ஆனாலும் ஹேவர்டைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அவர் இந்தப் படையை ஏணியாக மட்டும் நினைக்கவில்லை. அடுத்த மூன்று ஆண்டுகள் இதற்காகக் கடிதம் எழுதியே அவர் கை ஓய்ந்திருக்கும். துப்பாக்கிக்கு வழி தேடியதிலேயே அவர் குணம் தெரிகிறது. பொதுமக்களின் துப்பாக்கி சுடும் சங்கங்களுக்கு மத்திய அரசு இலவசமாகத் துப்பாக்கி தருவது தெரிந்ததும், ரெஜிமென்ட்டுக்குள்ளேயே சங்கங்கள் முளைத்தன. மாநிலம் தராத ஆயுதம் அந்த வழியாக வந்தது.

வாத்தியக் குழு

ஆள் சேர வேண்டுமானால் இசை வேண்டும் என்று ஹேவர்ட் கணக்குப் போட்டார். ஜேம்ஸ் ரீஸ் யூரோப் அப்போது நியூயார்க்கின் பெரிய இசைக்குழுத் தலைவர், செல்வந்தர் வீட்டு நடன விருந்துகளில் அவர் குழுவுக்குத்தான் மவுசு. 1916 செப்டம்பரில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்திருந்தார். வாத்தியக் குழு அமைத்துத் தரும்படி ஹேவர்ட் கேட்டபோது, ராணுவ விதி அனுமதிக்கும் 28 பேர் போதாது, இன்னும் ஆள் வேண்டும், நல்ல கலைஞர்களுக்குப் பணமும் வேண்டும் என்றார். டேனியல் ரீட் என்ற தொழிலதிபர் 10,000 டாலர் கொடுத்தார். நாட்டில் கிளாரினெட் வாசிப்பவர்கள் போதாமல் யூரோப் நேராக புவேர்ட்டோ ரிகோவுக்குக் கப்பலேறி, அங்கிருந்து ஒரு டஜனுக்கும் மேற்பட்ட கலைஞர்களை அழைத்து வந்தார். பின்னர் லத்தீன் அமெரிக்கா முழுக்கப் புகழ்பெற்ற இசையமைப்பாளர் ரஃபேல் எர்னாண்டஸ் அவர்களில் ஒருவர்.

யூரோப் வாத்தியக்காரர் மட்டுமல்ல. அதிகாரித் தேர்வில் தேறி இயந்திரத் துப்பாக்கி கம்பெனியின் லெஃப்டினன்ட் ஆனவர். போர்முனைப் பதுங்குகுழியில் கால் வைத்த முதல் கறுப்பின அமெரிக்க அதிகாரிகளில் ஒருவர். வாத்தியக் குழுவின் புகழில் இந்தச் செய்தி மூழ்கிப்போவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

ஸ்பார்ட்டன்பர்க், அக்டோபர் 1917

1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. கோடையில் 15-ஆவது ரெஜிமென்ட் மத்திய அரசுப் பணிக்குப் போனது. பயிற்சிக்காக அனுப்பப்பட்ட இடம் தெற்குக் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க்.

காலம் மிகக் கெட்ட காலம். அந்த ஆகஸ்ட் 23 அன்றுதான் டெக்சாஸின் ஹூஸ்டனில், காவல்துறையின் கொடுமையால் கொதித்துப்போன 24-ஆவது காலாட்படையின் கறுப்பின வீரர்கள் ஆயுதத்தோடு தெருவில் இறங்கி, பலர் செத்திருந்தார்கள். ஒரே வாரத்தில் ஸ்பார்ட்டன்பர்க் மேயர் பத்திரிகையில் பகிரங்கமாகச் சொன்னார்: வடக்கத்திக் கறுப்பர்கள் சமத்துவ எண்ணத்தோடு வருவார்கள், வெள்ளையரைப் போல நடத்த வேண்டும் என எதிர்பார்ப்பார்கள், அது இங்கே நடக்காது. வேண்டாத மருமகள் கைபட்டாலும் குற்றம் கால்பட்டாலும் குற்றம் என்பார்களே, அந்த நிலைமை. வீரர்கள் ரயிலேறும் முன்பே ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது.

அங்கே நடந்தவற்றில் ஒன்று. வாத்தியக் குழுவின் நோபிள் சிசில் செய்தித்தாள் வாங்க ஒரு ஹோட்டலுக்குள் போனார். தொப்பியைக் கழற்றவில்லை என்று சொல்லி ஹோட்டல்காரர் அதைத் தட்டிவிட்டார். குனிந்து எடுத்தவரை உதைத்தார். கூடத்தில் இருந்த வெள்ளைச் சிப்பாய்கள் சிலர் பாய்ந்து எழுந்தார்கள், அவர்களும் நியூயார்க்காரர்கள். ரத்தக்களறி ஆகியிருக்க வேண்டியது. ஜேம்ஸ் யூரோப் குறுக்கே வந்து எல்லாரையும் அமைதியாக வெளியே அழைத்துப் போனார். எங்கள் ஊர்ப் பையன்களுக்குச் சாமான் விற்காத கடையில் நாங்களும் வாங்கமாட்டோம் என்று வெள்ளை நியூயார்க் வீரர்கள் சில கடைக்காரர்களிடம் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. மாநிலப் படை என்ற உறவு தோலின் நிறத்தைத் தாண்டி வேலை செய்த மிகச் சில தருணங்களில் இது ஒன்று.

போர்த்துறை எம்மெட் ஸ்காட் என்ற கறுப்பின ஆலோசகரை அனுப்பியது. பொறுமையாக இருக்கும்படி அவர் வீரர்களைக் கெஞ்சிக் கேட்டார். அரசு முன்னால் இருந்த வழிகள் மூன்று. ரெஜிமென்ட்டை அங்கேயே வைத்திருந்தால் இன்னொரு ஹூஸ்டன் வரலாம். வேறு முகாமுக்கு மாற்றினால், எதிர்த்த ஊர் ஜெயித்துவிட்டது என்று மற்ற ஊர்களும் கிளம்பும். மிஞ்சியது கடல் கடந்து அனுப்புவது. வந்து இரண்டே வாரத்தில் ஸ்பார்ட்டன்பர்க்கிலிருந்து கிளம்பினார்கள்.

இந்த முடிவை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். போதிய பயிற்சி பெறாத ஒரு ரெஜிமென்ட், இன்னும் எத்தனையோ ரெஜிமென்ட்டுகளுக்கு முன்பாக பிரான்ஸுக்குப் போனதற்குக் காரணம் ராணுவத் தேவை அல்ல. ஒரு சிற்றூர் அவர்களை வைத்துக்கொள்ள மறுத்ததும், அரசு அந்த ஊரோடு மோத மறுத்ததும்தான்.

வழியனுப்பு விழா கிடையாது

அதே நேரத்தில் நியூயார்க்கின் இன்னொரு மாநில ரெஜிமென்ட், ஐரிஷ் மக்களின் 69-ஆவது, எப்படிப் போனது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 26 மாநிலங்களின் படைகளைச் சேர்த்து 42-ஆவது டிவிஷன் உருவானது. வானவில் டிவிஷன் என்று பெயர். 69-ஆவதுக்கு அதில் இடம் கிடைத்தது, 165 என்ற புது எண்ணோடு. பீரங்கி, மருத்துவம், பொறியாளர், சரக்கு வண்டி எல்லாம் உள்ள முழுக் குடும்பத்தில் ஒரு பிள்ளை ஆனது. ஒரு காலத்தில் ஐரிஷ்காரர்களையும் ஏளனமாகப் பார்த்த அமெரிக்கா அதற்குள் அவர்களை ஏற்றுக்கொண்டிருந்தது.

வானவில் டிவிஷனின் வழியனுப்பு அணிவகுப்பில் தன் ரெஜிமென்ட்டும் நடக்க ஹேவர்ட் அனுமதி கேட்டார். வானவில்லில் கறுப்பு நிறம் கிடையாது என்று பதில் வந்ததாகச் சொல்வார்கள். திரும்பி வரும்போது யாரும் இதுவரை பார்த்திராத அணிவகுப்பை நடத்துவோம் என்று அவர் தன் ஆட்களுக்கு வாக்குக் கொடுத்தார்.

கப்பல் பயணமும் லேசில் அமையவில்லை. பொகஹாண்டஸ் என்ற கப்பல் முதல் முறை இயந்திரக் கோளாறால் திரும்பியது. அடுத்த முறை நிலக்கரிக் கிடங்கில் தீ. பிறகு பனிப்புயலில் நங்கூரமிட்டிருந்தபோது வேறொரு கப்பல் வந்து மோதிப் பக்கவாட்டைக் கிழித்தது. இனியும் திரும்பினால் அனுப்பவே மாட்டார்கள் என்று பயந்து, நடுவழியிலேயே பழுது பார்த்துக்கொண்டு புறப்பட்டார்கள். 1917 டிசம்பர் கடைசியில் பிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுகம் வந்தது. இறங்கியதும் யூரோப்பின் குழு பிரெஞ்சு தேசிய கீதத்தை வாசித்தது. தாளமும் ஓட்டமும் வேறாக இருந்ததால் கூடியிருந்த பிரெஞ்சுக்காரர்களுக்குத் தங்கள் சொந்த கீதமே சில வரிகள் வரை பிடிபடவில்லை. புரிந்ததும் விறைத்து நின்று சல்யூட் அடித்தார்கள்.

மண்வெட்டியிலிருந்து துப்பாக்கிக்கு

முதல் உலகப் போர் என்றதும் சென்னைக்காரர்களுக்கு எம்டன் கப்பல் நினைவுக்கு வரும். 1914 செப்டம்பரில் விழுந்த குண்டுகளோடு அந்தப் போர் நமக்குக் கடந்துபோனது. மேற்கு ஐரோப்பாவில் அது ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள் உட்கார்ந்து நடந்த போர். 1918 தொடக்கத்தில் பிரெஞ்சு ராணுவம் நான்காவது ஆண்டாக ரத்தம் சிந்திக்கொண்டிருந்தது. ஒரு ரெஜிமென்ட் கிடைத்தாலும் போதும் என்ற நிலை.

அந்த நேரத்தில் 15-ஆவது ரெஜிமென்ட் செயின்ட் நசேர் துறைமுகத்தில் மண் வெட்டிக்கொண்டிருந்தது. தண்டவாளம் போட்டது, மூட்டை இறக்கியது. பிரான்ஸுக்கு வந்த கறுப்பின அமெரிக்கச் சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு இதுதான் விதிக்கப்பட்டிருந்தது. பிரான்ஸிலிருந்த அமெரிக்கப் படைகளின் தளபதி பெர்ஷிங்குக்கு ஹேவர்ட் எழுதினார்: சண்டைக்கு வந்த ரெஜிமென்ட்டைச் சண்டைக்கு அனுப்புங்கள்.

பெர்ஷிங்கின் நிலையை நியாயமாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் படைகளைப் பிரித்துப் பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகளுக்குள் கரைப்பதை அவர் கொள்கையாகவே எதிர்த்து வந்தார். அமெரிக்கா தனிப்படையாகத் தன் கொடியின் கீழ்தான் போரிடும் என்பதில் பிடிவாதம். ஆனால் நான்கு கறுப்பின ரெஜிமென்ட்டுகள் விஷயத்தில் மட்டும் அந்தப் பிடிவாதம் தளர்ந்தது. காகிதத்தில் 93-ஆவது டிவிஷன் என்று ஒன்று இருந்தது. அதற்குப் பீரங்கி இல்லை, துணைப்பிரிவுகள் இல்லை. முழுமையாக அமைக்கப்படாத அந்த டிவிஷனின் நான்கு ரெஜிமென்ட்டுகளையும் பிரெஞ்சுக்காரர்கள் தலையில் கட்டினார்கள். ஒரே முடிவில் இரண்டு பிரச்சினை தீர்ந்தது: பிரான்ஸ் கேட்ட ஆட்கள் கிடைத்தார்கள், வெள்ளைச் சிப்பாயோடு கறுப்புச் சிப்பாயை ஒரே டிவிஷனில் நிறுத்த வேண்டிய சங்கடமும் போனது.

கறுப்புக் குழந்தையைக் கூடையில் வைத்துப் பிரெஞ்சுக்காரர்களின் வாசற்படியில் வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டு நம் தளபதி போய்விட்டார் என்ற பொருளில் ஹேவர்ட் ஒரு கடிதத்தில் எழுதினார். அவர் அங்கலாய்க்கவில்லை, மகிழ்ச்சியாகவே எழுதினார். போர்முனை கிடைத்துவிட்டதே.

1918 மார்ச்சில் பெயரும் போனது. 15-ஆவது நியூயார்க் என்பது 369-ஆவது காலாட்படை ஆனது. ஊர்ப் பெயரோடு சேர்ந்த எண் ஒரு மாநிலப் படைக்குக் குலப்பெயர் மாதிரி. வீரர்கள் கடைசிவரை தங்களைப் பதினைந்தாவது என்றே சொல்லிக்கொண்டார்கள். அமெரிக்கச் சீருடைக்கு மேல் பிரெஞ்சு இரும்புத் தொப்பி, கையில் பிரெஞ்சுத் துப்பாக்கி, தட்டில் பிரெஞ்சு உணவு. ஜெனரல் கூரோவின் நான்காம் படையில், 16-ஆவது பிரெஞ்சு டிவிஷனோடு சேர்ந்தார்கள். ஏப்ரலில் ஆர்கான் காட்டின் மேற்கு விளிம்பில் பதுங்குகுழிகள் அவர்கள் பொறுப்புக்கு வந்தன.

மே 15, அதிகாலை

ஹென்றி ஜான்சன் நியூயார்க் மாநிலத் தலைநகர் அல்பனியின் ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கியவர். குள்ளமானவர், மெலிந்தவர். சி கம்பெனிச் சிப்பாய். அன்றிரவு அவரும் நீதம் ராபர்ட்ஸும் முன்னணிக் காவல்குழியில் நின்றார்கள். நள்ளிரவு தாண்டி இரண்டரை மணிவாக்கில் கம்பி அறுபடும் சத்தம் கேட்டது. முள்வேலியை வெட்டுகிறார்கள்.

ஜான்சன் கையெறி குண்டுகளை எட்டும் தூரத்தில் பரப்பி வைத்துக்கொண்டு, பின்னால் போய்த் தகவல் சொல்லும்படி ராபர்ட்ஸை அனுப்பினார். பாதி வழியில் சண்டைச் சத்தம் கேட்டு ராபர்ட்ஸ் திரும்பினார். ஒரு குண்டு வெடித்து விழுந்தவருக்கு எழ முடியவில்லை. படுத்தபடியே குண்டுகளை எடுத்து எடுத்து ஜான்சனிடம் நீட்டினார். குண்டுகள் தீர்ந்தன. ஜான்சன் துப்பாக்கியை எடுத்தார். அது மூன்று தோட்டா பிடிக்கும் பிரெஞ்சுத் துப்பாக்கி. அவசரத்தில் அமெரிக்கத் தோட்டாச் செருகை உள்ளே திணித்துவிட, அது சிக்கிக்கொண்டது. இரண்டு நாட்டுப் படைகளுக்கு நடுவே தொங்கிய ஒரு ரெஜிமென்ட்டின் நிலை அந்த ஒரு கணத்தில் அவர் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக் கட்டையால் அடித்தார், அது பிளந்துபோனது. ராபர்ட்ஸை ஜெர்மானியர்கள் தூக்கிக்கொண்டு போவதைக் கண்டதும் இடுப்பிலிருந்த போலோ கத்தியை உருவிப் பாய்ந்தார். கனமான, அகன்ற அலகுடைய கத்தி அது. நம் அரிவாளுக்குத் தூரத்து உறவு. ராபர்ட்ஸை மீட்டார். வந்தவர்கள் பின்வாங்க, அவர்களை நோக்கிக் குண்டு எறிந்துவிட்டு மயங்கி விழுந்தார். உடலில் 21 காயங்கள். வந்தவர்கள் குறைந்தது ஒரு டஜன் பேர், இருபதுக்கும் மேல் இருக்கலாம் என்று விடிந்த பிறகு தடங்களையும் கிடந்த ஆயுதங்களையும் வைத்துக் கணித்தார்கள்.

இருவருக்கும் பிரான்ஸ் குவா-த-கேர் கொடுத்தது. அமெரிக்கப் பத்திரிகைகள் ஜான்சனைக் கொண்டாடின. அமெரிக்க ராணுவம் அவருக்கு எதுவும் கொடுக்கவில்லை.

ஆகஸ்டுக் கடிதம்

வீரம் நிரூபணம் ஆனால் மரியாதை தானாக வரும் என்ற நம்பிக்கையில்தான் ஹார்லெம் இந்தப் படையைக் கேட்டு வாங்கியது. அந்த நம்பிக்கைக்கு என்ன பதில் கிடைத்தது என்பதற்கு 1918 ஆகஸ்ட் 7 தேதியிட்ட ஒரு ரகசியக் குறிப்பு சாட்சி. அமெரிக்கத் தலைமையகத்தோடு இணைப்பு அதிகாரியாக இருந்த லினார் என்ற பிரெஞ்சு அதிகாரி, பிரெஞ்சு அதிகாரிகளுக்காக எழுதியது. கறுப்பின அமெரிக்க அதிகாரிகளோடு நெருங்கிப் பழகாதீர்கள், சேர்ந்து சாப்பிடாதீர்கள், பணிக்குத் தேவையானதற்கு மேல் பேசாதீர்கள், வெள்ளை அமெரிக்கர்கள் முன்னால் கறுப்பின வீரர்களை மிகையாகப் புகழாதீர்கள். 1919 மே மாதம் கறுப்பின அறிஞர் து பாய்ஸ் தன் ‘கிரைசிஸ்’ இதழில் அதை அப்படியே அச்சிட்டு உலகறியச் செய்தார்.

அதே கோடையில் 369-இன் கறுப்பின அதிகாரிகள் வேறு படைகளுக்கு மாற்றப்பட்டார்கள். இல்லினாயின் 8-ஆவது ரெஜிமென்ட்டும் அங்கே 370 என்ற எண்ணில் இருந்தது. அதன் கறுப்பினக் கர்னல் பிராங்க்ளின் டெனிசன் ஜூலையில் நீக்கப்பட்டு வெள்ளையர் ஒருவர் அமர்த்தப்பட்டார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த நிகழ்வை மதிப்பிட முடியாது. கறுப்பினச் சிப்பாய் சண்டை போடலாம் என்பதை ராணுவம் ஏற்றுக்கொண்டது. ஆணையிடலாம் என்பதை ஏற்கவில்லை.

சேஷோ

ஜூலை 15 அன்று ஜெர்மனியின் கடைசிப் பெருந்தாக்குதலைத் தாங்கிய வரிசையில் இவர்களும் இருந்தார்கள். செப்டம்பர் 26 அன்று, 161-ஆவது பிரெஞ்சு டிவிஷனோடு சேர்ந்து மியூஸ்-ஆர்கான் தாக்குதலில் முன்னேறினார்கள். ரிப்போன் கிராமம், பிறகு குன்று, பிறகு செப்டம்பர் 29 அன்று சேஷோ என்ற சிற்றூர். பக்கத்துப் பிரெஞ்சுப் படைகளைவிட வேகமாகப் போனதால் தனித்துப் போய், இயந்திரத் துப்பாக்கிகளுக்கு நடுவே வீடு வீடாகச் சண்டையிட்டுப் பிடித்தார்கள். அந்தச் சில நாட்களில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் விழுந்தார்கள். போர் முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 1,500 பேர் மாண்டோ காயமுற்றோ போனார்கள்.

கே கம்பெனியின் ஹொரஸ் பிப்பின் அங்கே வலது தோளில் சுடப்பட்டார். குண்டுக்குழிக்குள் உருண்டவரால் வெளியே வர முடியவில்லை. அந்தப் பக்கம் வந்த ஒரு பிரெஞ்சு வீரர் குழி விளிம்பிலேயே சுடப்பட்டு அவர்மேல் சாய்ந்தார். பிணத்தைத் தள்ளவும் பலமில்லாமல் அதனடியிலேயே கிடந்தார். ஊர் திரும்பிய பிறகு வலது கை சரியாக உயரவில்லை. பல ஆண்டுகள் கழித்து, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் மரப்பலகையில் சுட்டு வரையத் தொடங்கினார். வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு தூரிகை பிடித்தார். முதல் எண்ணெய் ஓவியத்தை முடிக்க மூன்று ஆண்டுகள் ஆயின. அதில் இருப்பது போரின் முடிவு. பிப்பின் இன்று அமெரிக்காவின் பெரிய ஓவியர்களில் ஒருவராக மதிக்கப்படுகிறார். இந்த ரெஜிமென்ட்டின் ஆவணங்கள் எல்லாவற்றையும்விட அந்தப் படத்தின் தடித்த கரும்பச்சை வண்ணம்தான் எனக்கு அந்தச் செப்டம்பரைக் காட்டுகிறது.

சேஷோவில் காயத்தோடு நின்று சண்டையிட்ட வெள்ளை லெஃப்டினன்ட் ஜார்ஜ் ராப் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானரைப் பெற்றார், போர் முடிந்த சில மாதங்களிலேயே. அவர் அதற்குத் தகுதியானவர்தான். அதே பதக்கம் அந்த ரெஜிமென்ட்டின் கறுப்பினச் சிப்பாய் எவருக்கும் அப்போது போகவில்லை.

திரும்பி வந்ததும் பிறகும்

நவம்பரில் போர் ஓய்ந்தது. நேச நாட்டுப் படைகளில் முதலாவதாக ரைன் நதிக்கரையை எட்டியவர்கள் தாங்களே என்று 369 உரிமை கொண்டாடுகிறது. டிசம்பரில் அல்சாஸ் பகுதியில் ரெஜிமென்ட் கொடிக்கு குவா-த-கேர் சூட்டப்பட்டது.

ஹேவர்ட் கொடுத்த வாக்கு பிப்ரவரியில் நிறைவேறியது. தோளோடு தோள் இடித்து, சுவர் நகர்வது போல நெருக்கி நிற்கும் பிரெஞ்சு அணிவகுப்பு முறையில் ஐந்தாம் அவென்யூவில் வந்தார்கள். நடுநகரம் முழுக்க யூரோப்பின் குழு கண்டிப்பான ராணுவ இசையையே வாசித்தது. ஹார்லெமுக்குள், லெனாக்ஸ் அவென்யூவில் நுழைந்ததும் இசை மாறியது, வரிசையும் குலைந்தது. தாய்மார்களும் மனைவிமார்களும் நடுவில் புகுந்து கையைக் கோத்துக்கொண்டு கூடவே நடந்தார்கள். காலில் காயத்தோடு ஜான்சன் திறந்த காரில் நின்றபடி வந்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, மே 9 அன்று பாஸ்டனில் ஒரு கச்சேரியின் நடுவே தன் குழுவின் மேளக்காரர் ஒருவர் குத்தியதில் யூரோப் இறந்துபோனார். அந்தக் கோடையில் நாடு முழுவதும் பல நகரங்களில் கறுப்பின மக்கள்மீது கொலைவெறித் தாக்குதல்கள் நடந்தன.

ரெஜிமென்ட் மாநிலத்திடமே திரும்பியது. 142-ஆவது தெருவருகே ஐந்தாம் அவென்யூவில் அதற்கென ஆயுதக் கூடம் எழுந்தது. சுருட்டுக்கடையில் தொடங்கியவர்களுக்குச் சொந்தமாக ஒரு கூரை. 1938-இல் பெஞ்சமின் டேவிஸ் என்ற கறுப்பின அதிகாரி தலைமையேற்றார். 1940-இல் அவர் அமெரிக்க ராணுவத்தின் முதல் கறுப்பின ஜெனரல் ஆனார். 1916-இல் ஹார்லெம் கேட்டது 22 ஆண்டு தாமதமாக நடந்தது. அதன் பிறகு காலாட்படை விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையானது, பின்னாளில் தளவாடப் பிரிவானது. அதன் வாரிசு இன்றும் நியூயார்க் மாநிலப் படையில் 369 என்ற எண்ணோடு இருக்கிறது. 2020-இல் ‘ஹார்லெம் ஹெல்ஃபைட்டர்ஸ்’ என்ற பெயரை ராணுவம் அதிகாரபூர்வமாக ஏற்றது. 2021-இல் நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கத்துக்கான சட்டம் வந்தது.

ஹென்றி ஜான்சனின் கணக்கு மட்டும் தனியாக நின்றது. விடுவிப்புச் சான்றில் அவர் காயங்கள் எழுதப்படவில்லை. உடல் பழைய வேலைக்கு ஒத்துழைக்கவில்லை. 1929 ஜூலையில் இறந்தார். அல்பனியில் ஏதோ ஏழைகள் கல்லறையில் கிடக்கிறார் என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். புதிய நூற்றாண்டு பிறந்த பிறகு தேடியபோது அர்லிங்டன் தேசியக் கல்லறையில் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டிருந்தது தெரியவந்தது. 1996-இல் காயமுற்றோருக்கான பதக்கம். 2002-இல் அதற்கு மேலான ஒன்று. 2015 ஜூன் 2 அன்று வெள்ளை மாளிகையில் மெடல் ஆஃப் ஹானர், சண்டை நடந்து 97 ஆண்டுகளுக்குப் பிறகு.

அதை வாங்கிக்கொள்ள ரத்த உறவு யாரையும் ராணுவத்தால் உறுதி செய்ய முடியவில்லை. குடியரசுத் தலைவர் ஒபாமாவின் கையிலிருந்து பதக்கத்தைப் பெற்றுக்கொள்ள வந்து நின்றவர் நியூயார்க் மாநிலப் படையின் ஒரு சார்ஜென்ட் மேஜர்.